94 பந்துகளும் 162 ஆட்டங்களும்: பேஸ்பால் சவான்ட் தளம் எதற்கு உதவும், எங்கே ஏமாற்றும்?

2025 மே 25 அன்று டெட்ராய்ட் கொமெரிக்கா பார்க்கில் கிளீவ்லாந்து கார்டியன்ஸுக்கு எதிராக டெட்ராய்ட் டைகர்ஸ் அணியின் பிட்சர் (பந்து வீசுபவர்) டாரிக் ஸ்கூபல் வீசிய கடைசிப் பந்து மணிக்கு 102.6 மைல். நம் கணக்கில் 165 கிலோமீட்டர். அன்றைக்கு அது அவருடைய 94-ஆவது பந்து. பொதுவாக 90 பந்தைத் தாண்டினால் பிட்சரின் கை தளரும், வேகம் ஓரிரு மைல் இறங்கும். இவரோ வாழ்நாளில் வீசிய பந்துகளிலேயே வேகமானதை அந்த ஆட்டத்தின் கடைசிப் பந்தாக எறிந்தார். 9 இன்னிங்ஸையும் ஒருவரே முடித்தார். 13 ஸ்டிரைக்-அவுட் (மூன்று ஸ்டிரைக்கில் பேட்டர் அவுட்), 2 ஹிட். வாக் (நான்கு பால் போட்டு பேட்டருக்கு முதல் பேஸை இலவசமாகக் கொடுப்பது) ஒன்றுகூட இல்லை. டைகர்ஸ் 5-0 என வென்றது. 100 பந்துக்குள் ரன்னே கொடுக்காமல் முழு ஆட்டத்தையும் முடிப்பதை, குறைந்த பந்துகளில் ஆட்டத்தை முடிப்பதில் பெயர்பெற்ற பழைய பிட்சர் கிரெக் மேடக்ஸின் பெயரால் ‘மேடக்ஸ்’ என்பார்கள். பந்து எண்ணிக்கை முறையாகப் பதிவாகத் தொடங்கிய 1988-க்குப் பிறகு, ஒரு மேடக்ஸில் 13 ஸ்டிரைக்-அவுட் எடுத்தவர் வேறு யாரும் இல்லை.

இவ்வளவும் ஸ்கோர்கார்டு சொல்லிவிடும். எப்படி நடந்தது என்று அது சொல்லாது. அதற்குப் போக வேண்டிய இடம் பேஸ்பால் சவான்ட். மேஜர் லீக் பேஸ்பாலே நடத்தும் தளம். கட்டணம் கிடையாது, கணக்குத் திறக்கவும் தேவையில்லை. ஓர் ஆட்டத்தில் ஒரு பிட்சர் ஏன் ஜெயித்தார் என்று புரிந்துகொள்ள இதைவிட நல்ல கருவி பொதுமக்கள் கையில் இல்லை. ஆனால் ‘இந்த அணி இப்போது நல்ல ஃபார்மில் இருக்கிறதா?’ என்ற கேள்வியோடு இதைத் திறப்பவர்கள் பெரும்பாலும் தவறான பதிலோடுதான் திரும்புவார்கள். தரவில் குறை இல்லை. எந்தப் பக்கத்தைத் திறக்கிறோம், எத்தனை நாள் கணக்கைப் பார்க்கிறோம் என்பதில்தான் சிக்கல்.

தளத்தின் அடித்தளம் ஸ்டாட்காஸ்ட் என்ற அளவீட்டு முறை. 2015-இல் எல்லா மேஜர் லீக் மைதானங்களுக்கும் வந்தது. முதலில் ரேடாரும் கேமராவும் கலந்து ஓடியது. 2020 முதல் ஹாக்-ஐ. கிரிக்கெட்டில் எல்பிடபிள்யூ மேல்முறையீட்டில் நாம் பார்த்துப் பழகிய அதே ஹாக்-ஐதான். மைதானத்தைச் சுற்றி 12 கேமராக்கள் பந்தையும் ஆட்டக்காரர்களையும் பின்தொடர்கின்றன. பிட்சர் கையை விட்ட இடம், வேகம், சுழற்சி, வளைவு, பேட்டில் பட்டுக் கிளம்பிய வேகம், கோணம், விழுந்த தூரம் எல்லாமே ஆட்டம் நடக்கும்போதே தளத்தில் ஏறிவிடும். டெட்ராய்டில் மாலை 7.10 என்றால் சென்னையில் மறுநாள் விடிகாலை 4.40. நேரலை பார்க்க முடியாதவர்கள் காலை காபியோடு ஒவ்வொரு பந்தாகப் புரட்டிப் பார்க்கலாம். பெரும்பாலான பந்துகளுக்கு வீடியோ துண்டும் சேர்ந்தே இருக்கிறது.

நல்ல பிட்சிங் ஆட்டம் ஒன்றைப் படிக்கத் திறக்க வேண்டிய பக்கம் ‘கேம்ஃபீட்’. தேதியைத் தேர்ந்தெடுத்து ஆட்டத்தைத் தட்டினால் நீண்ட அட்டவணை விரியும். புதிதாக வருபவர்கள் கண்ணில் முதலில் படுவது சுழற்சி எண். 2,300, 2,500 என்று பெரிய எண்ணாக இருப்பதால் கவனத்தை இழுக்கும். அதை விட்டுவிட்டு முதலில் வேகத்தைப் பாருங்கள், அதுவும் இன்னிங்ஸ் வாரியாக. முதல் இன்னிங்ஸில் 97 வீசியவர் ஆறாவதில் 95-க்கு இறங்கியிருந்தால், அடுத்த முறை அதே பேட்டர்கள் வரும்போது அடி விழும். ஒரே பேட்டரை மூன்றாவது முறை சந்திக்கும்போது பிட்சர்கள் அடிவாங்குவது பழைய உண்மை. வேகமும் குறைந்தால் இரண்டு கெடுதலும் ஒன்றாகச் சேரும். ஸ்கூபலின் அன்றைய ஆட்டம் தனித்து நின்றதே வேகம் இறங்காததால்தான்.

அடுத்தது முதல் பந்து ஸ்டிரைக். ஒவ்வொரு பேட்டருக்கும் முதல் பந்து ஸ்டிரைக்கா (எல்லைக்குள் வந்தது, அல்லது பேட்டர் சுழற்றித் தவறியது), பாலா (எல்லைக்கு வெளியே போய் பேட்டர் விட்டுவிட்டது) என்று எண்ணுங்கள். லீக் சராசரி 60 விழுக்காட்டுக்குச் சற்று மேல். 70-ஐத் தொட்டால் அன்றைக்கு பிட்சர் கையில்தான் ஆட்டம். 0-1 (பால் இல்லை, ஒரு ஸ்டிரைக்) என்றானதும் பேட்டர் தற்காப்புக்குப் போய்விடுவார், எல்லைக்கு வெளியே போகும் பந்தையும் துரத்துவார். 94 பந்தில் ஓர் ஆட்டத்தை முடிக்க வேறு வழியே இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 13 ஸ்டிரைக்-அவுட்டுக்குக் குறைந்தது 39 பந்து வேண்டும். மீதமுள்ள அதிகபட்சம் 55 பந்துகளுக்குள் 14 அவுட்டும் எடுத்து, 2 ஹிட்டும் கொடுத்து முடித்தாக வேண்டும். ஸ்டிரைக்-அவுட் அதிகமானால் பந்தும் அதிகமாகும் என்பதுதான் வழக்கம். அந்த வழக்கம் அன்றைக்கு உடைந்தது.

பிறகு ‘விஃப்’ என்ற வரிசை. பேட்டர் சுழற்றியும் படாமல் போன பந்துகளின் விகிதம் அது. மொத்தச் சுழற்றல்களில் கால்வாசி விஃப் என்றால் சராசரி. அதை ஒவ்வொரு பந்து வகைக்கும் தனித்தனியே பார்க்க வேண்டும். ஸ்கூபல் இடக்கையர். நாலு-தையல் ஃபாஸ்ட்பால், சிங்கர், சேஞ்ச்-அப், ஸ்லைடர், கர்வ் என ஐந்து வகை வீசுகிறார். இவற்றில் பேட்டர்களைக் கொல்வது சேஞ்ச்-அப். ஃபாஸ்ட்பாலைவிட ஏறக்குறைய 10 மைல் குறைவு, ஆனால் கை வருவது அதே வேகத்தில். 100 மைல் பந்து பிட்சர் கையிலிருந்து பேட்டர் முன்னுள்ள தட்டை அடைய சுமார் 0.4 விநாடி. 10 மைல் குறைந்தால் இன்னொரு 0.04 விநாடி கூடும். சின்ன எண்தான், ஆனால் அந்த நேரத்தில் பந்து இன்னும் நான்கைந்து அடி தள்ளி இருக்கும்போதே மட்டை தட்டைக் கடந்துவிடும். வீடியோவில் பேட்டர் முன்னால் சாய்ந்து காற்றை அடிப்பது இதனால்தான். கேம்ஃபீட்டில் ஃபாஸ்ட்பால் வரிசையையும் சேஞ்ச்-அப் வரிசையையும் அடுத்தடுத்து வைத்து, இரண்டும் கையை விட்ட இடம் ஒன்றேதானா என்று பாருங்கள். ஒன்றின் மேல் ஒன்று விழுந்தாற்போல் இருந்தால் நல்ல நாள்.

பேட்டில் பட்ட பந்துகளுக்கு இரண்டு எண்கள் போதும்: கிளம்பிய வேகம், கிளம்பிய கோணம். 95 மைலும் அதற்கு மேலும் ‘பலமான அடி’. 8 முதல் 32 டிகிரி வரை ‘இனிய கோணம்’. 98 மைல் வேகமும் 26 முதல் 30 டிகிரி கோணமும் சேர்ந்தால் ‘பேரல்’, அதாவது மிகச் சிறந்த அடி. வேகம் ஏற ஏற, பேரலுக்கு ஏற்கப்படும் கோணமும் விரியும். பிட்சர் ரன் கொடுக்காத ஆட்டத்தில் ஏழெட்டு பலமான அடி நேராக ஃபீல்டர் கைக்கே போயிருந்தால், அது நல்ல பிட்சிங் இல்லை, நல்ல நேரம். ஸ்கோர்கார்டில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். இந்த வித்தியாசத்தைக் காட்டுவதற்காக மட்டுமே சவான்டை வைத்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு உயர்ந்த அடிக்கும் பக்கத்தில் ‘30 மைதானங்களில் எத்தனையில் ஹோம்ரன்’ என்று ஓர் எண் வரும். டெட்ராய்ட் ஆட்டங்களுக்கு அதைத் தவறாமல் பாருங்கள். கொமெரிக்கா பார்க்கின் நடுச்சுவர், 2023-இல் உள்ளே இழுத்த பிறகும் 412 அடி. அங்கே கேட்ச் ஆன பந்து வேறு ஊரில் வேலி தாண்டியிருக்கும். டைகர்ஸ் பிட்சர்களின் சொந்த ஊர் கணக்கைப் பார்த்து மயங்குவதற்கு முன் இந்த எண் நல்ல கடிவாளம்.

இனி தடுமாற வைக்கும் இடங்கள்.

பந்தின் செங்குத்து அசைவை இந்தத் தளம் இரண்டு விதமாகக் கொடுக்கிறது. ஒன்று புவியீர்ப்பையும் சேர்த்து பந்து எவ்வளவு விழுந்தது என்பது. மற்றது புவியீர்ப்பைக் கழித்துவிட்டு, சுழற்சி மட்டும் பந்தை எவ்வளவு தூக்கிப் பிடித்தது என்பது. ஒரே ஃபாஸ்ட்பாலை ஒரு பக்கம் ‘15 அங்குலம் விழுகிறது’ என்றும், இன்னொரு இடம் ‘16 அங்குலம் எழுகிறது’ என்றும் காட்டலாம். இரண்டும் சரியே. அட்டவணையின் தலைப்பைப் படிக்காமல் ஒரு பிட்சரை இந்தக் கணக்கிலும் இன்னொருவரை அந்தக் கணக்கிலும் ஒப்பிட்டுச் சண்டை போடுவதுதான் தவறு.

பந்து வகையைக் கணினிதான் பெயரிடுகிறது. சிங்கரையும் நாலு-தையலையும், ஸ்லைடரையும் ஸ்வீப்பரையும் அது குழப்பிக்கொள்வதுண்டு. ஸ்வீப்பர் 2023-இல்தான் தனிப் பெயராக வந்தது. ஆட்டம் நடக்கும்போது விழும் பெயர் மறுநாள் திருத்தப்படலாம். எனவே இரவில் எடுத்த எண்ணிக்கையை வைத்து ‘இவர் ஸ்லைடரையே கைவிட்டுவிட்டார்’ என்று முடிவு கட்டாதீர்கள். ஒரு நாள் பொறுத்தால் சரியாகிவிடும். ஸ்டிரைக் எல்லைப் படம் கேட்சரின் கண்ணிலிருந்து வரைந்தது என்பதையும் மனதில் வையுங்கள். தொலைக்காட்சியில் நாம் பார்ப்பது பிட்சரின் முதுகுக்குப் பின்னால் இருந்து. இரண்டும் எதிரெதிர்த் திசையில் பார்ப்பவை, இடம் வலம் மாறிவிடும். படத்தை வீடியோவோடு ஒப்பிடும்போது திருப்பிக்கொள்ளுங்கள்.

எதிர்பார்ப்புக் கணக்குகள் பெயர்பெற்றவை: எக்ஸ்பிஏ (ஹிட் வாய்ப்பு), எக்ஸ்-வோபா (பேட்டிங்கின் ஒட்டுமொத்த மதிப்பு; பிட்சருக்குக் குறைவாக இருப்பதே நல்லது), எக்ஸ்-ஈஆர்ஏ (பிட்சர் 9 இன்னிங்ஸுக்குக் கொடுத்திருக்க வேண்டிய ரன்). அடித்த வேகத்தையும் கோணத்தையும் வைத்து, இதேபோன்ற அடிகள் முன்பு எத்தனை முறை ஹிட் ஆயின என்று சொல்வது எக்ஸ்பிஏ. மெதுவான தரைப்பந்துகளில் ஓடுபவரின் வேகமும் சேரும். ஆனால் பந்து எந்தத் திசையில் போனது என்பது அதில் இல்லை. மூலைக்கு இழுத்து அடித்த 330 அடி ஹோம்ரனும், நடுவில் கேட்ச் ஆன 330 அடிப் பந்தும் ஏறக்குறைய ஒரே எண் பெறும். ஓர் ஆட்டத்துக்கு எக்ஸ்பிஏவைக் கூட்டி, ‘இந்த அணி ஜெயித்திருக்க வேண்டியது’ என்று தீர்ப்பு எழுத இது உதவாது. இருநூறு, முந்நூறு பேட்டர்களுக்குப் பிறகு இதே எண் அருமையாக வேலை செய்யும்.

ஆட்டக்காரர் பக்கத்தில் வரும் சிவப்பு, நீலப் பட்டைகள்தான் தளத்தின் முகம். சமூக ஊடகங்களில் அதிகம் பகிரப்படுவதும் அவைதான். சிவப்பு நல்லது, நீலம் மோசம். 90 என்றால் லீக்கில் 90 விழுக்காட்டினரைவிட மேல். அழகான யோசனை. அதிகம் தவறாகப் படிக்கப்படுவதும் இதுவே. ஒன்று, பட்டை தரவரிசை மட்டுமே, இடைவெளி எவ்வளவு என்று சொல்லாது. 50-க்கும் 60-க்கும் நடுவே உண்மையில் மயிரிழை வித்தியாசம் இருக்கலாம், 95-க்கும் 99-க்கும் நடுவே மலை இருக்கலாம். இரண்டு, ஃபாஸ்ட்பால் சுழற்சி சிவப்பாக இருப்பது தன்னளவில் தகுதியல்ல. சிங்கர் வீசுபவருக்குக் குறைந்த சுழற்சியே உதவும். மூன்று, ஏப்ரல் மாதப் பட்டைகளை நம்பவே கூடாது. தகுதி வரம்பு அணியின் ஓர் ஆட்டத்துக்கு 1.25 பேட்டர் என்ற கணக்கில்தான் பிட்சருக்கு வைக்கப்பட்டிருக்கிறது. 10 ஆட்டம் ஆனதும் 13 பேட்டரைச் சந்தித்த ரிலீவருக்கும் (ஆட்டத்தின் நடுவில் வரும் மாற்று பிட்சர்) பட்டை வந்துவிடும்.

அணியின் ஃபார்முக்கு வருவோம். இங்கேதான் 2025 டைகர்ஸைவிட நல்ல பாடம் கிடைக்காது.

ஜூலை 8 அன்று அந்த அணி கார்டியன்ஸைவிட 15½ ஆட்டம் முன்னால் இருந்தது. ஆகஸ்ட் முடிவில் 80 வெற்றி, 58 தோல்வி. செப்டம்பரில் 7-17. கடைசியில் 87-75, கார்டியன்ஸ் 88-74. ஏ.எல். சென்ட்ரல் (அமெரிக்கன் லீக்கின் மத்தியப் பிரிவு) பட்டம் கைமாறியது. 1914-இல் பாஸ்டன் பிரேவ்ஸ் 15 ஆட்டம் பின்தங்கி மீண்டதே அதுவரை சாதனை. ஆனால் அந்த வருடம் முழுவதும் ஸ்கூபலின் பக்கம் சிவப்பாகவே இருந்தது. 2.21 ஈஆர்ஏ (9 இன்னிங்ஸுக்குச் சராசரியாகக் கொடுத்த ரன்), 241 ஸ்டிரைக்-அவுட், 33 வாக் மட்டும், சிறந்த பிட்சருக்கான சை யங் விருது தொடர்ந்து இரண்டாவது முறை. அணி சரிந்துகொண்டிருந்தபோது அதன் முதல் பிட்சரின் பக்கத்தைப் பார்த்து ஆறுதல் அடைந்தவர்களுக்கு சரிவு கண்ணிலேயே பட்டிருக்காது. ஐந்து அல்லது ஆறு நாளுக்கு ஒருமுறை வீசுபவர், ஒரு சீசனின் 162 ஆட்டங்களில் 30-ஐச் சற்றுத் தாண்டித்தான் தொடங்குவார். மீதி 130 வேறு யாரோ தொடங்குபவை.

செப்டம்பர் 23 ஆட்டத்தின் ஆறாவது இன்னிங்ஸை கேம்ஃபீட்டில் திறந்து பாருங்கள். கிளீவ்லாந்தில், ஸ்கூபலே வீசிய ஆட்டம். கார்டியன்ஸின் ஸ்டீவன் குவான் பன்ட் வைக்கிறார், அதாவது மட்டையைச் சுழற்றாமல் பந்தை மெல்லத் தட்டிவிடுகிறார். அடுத்து ஏஞ்சல் மார்ட்டினெஸும் பன்ட். ஸ்கூபல் பந்தை எடுத்துக் கால்களுக்கு நடுவே முதல் பேஸுக்கு எறியப் பார்த்து, எறி தவறுகிறது. பன்ட் வைக்க முயன்ற டேவிட் ஃப்ரை முகத்தில் 99 மைல் பந்து பட்டு விழுகிறார். ஒரு வைல்ட் பிட்ச் (கேட்சரால் பிடிக்க முடியாத பந்து), ஒரு பாக் (பிட்சரின் விதிமீறிய அசைவு). அந்த இன்னிங்ஸில் 3 ரன். முடிவில் 5-2 என கார்டியன்ஸ் வெற்றி. பலமான அடி வரிசையில் தேடினால் இந்தச் சரிவுக்குத் தடயமே கிடைக்காது. மெல்லத் தட்டிய பந்துகள், நடுங்கிய கை, எதிரணியின் துணிச்சல். அளவீட்டுக் கருவிக்குள் அடங்காதவை இவை. இந்த மாதிரி இன்னிங்ஸுக்கு எண்களை மூடிவிட்டு வீடியோவைப் போட்டுப் பார்ப்பதே வழி.

அப்படியானால் அணி ஃபார்மை எப்படிப் பார்ப்பது? ‘கடைசி 10’ என்ற வரிசையை நம்பாதீர்கள். உண்மையிலேயே 55 விழுக்காடு வெல்லும் தரமுள்ள அணிகூட, ஏதாவது 10 ஆட்டத்தில் நான்கோ அதற்குக் குறைவாகவோ வெல்வதற்கு நாலில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. அதற்குப் பதில் ரன் வித்தியாசம். எடுத்த ரன்னின் வர்க்கத்தை, எடுத்த ரன், கொடுத்த ரன் இரண்டின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால் எதிர்பார்க்க வேண்டிய வெற்றி விகிதம் வரும். 700 எடுத்து 650 கொடுத்தால் 0.537, அதாவது 162-இல் 87. பேஸ்பால் புள்ளிவிவர ஆய்வாளர் பில் ஜேம்ஸ் கொடுத்த இந்தப் பழைய சூத்திரம் இன்றும் நிற்கிறது. இதற்கும் விதிவிலக்கு உண்டு என்பதையும் அந்த வருடமே காட்டியது. பட்டம் வென்ற கார்டியன்ஸ், மொத்தத்தில் எடுத்ததைவிட அதிக ரன் கொடுத்த அணி.

சவான்டுக்குள்ளேயே பார்க்க வேண்டுமானால் ‘ஸ்டாட்காஸ்ட் தேடல்’ பக்கத்துக்குப் போங்கள். ஆட்டக்காரர் வகையில் பிட்சர், தொகுப்பில் அணி, பிறகு தேதி எல்லை. ஜூன் ஒரு தேடல், செப்டம்பர் ஒரு தேடல், எக்ஸ்-வோபா வரிசையை ஒப்பிடுங்கள். அடுத்து பொசிஷன் கட்டத்தில் தொடக்க பிட்சர்களையும் ரிலீவர்களையும் பிரித்து மறுபடி ஓட்டுங்கள். அணி தளரும்போது முதலில் விரிசல் விடுவது பெரும்பாலும் புல்பென் (ரிலீவர் அணி) தான். மாதத்துக்கு ஒரு தேடல் என்ற அளவு சரியாக இருக்கும். வாரக் கணக்கு போட்டால் இரைச்சல்தான் மிஞ்சும். பேட்டர்களுக்கு, அவரவர் பக்கத்தில் இருக்கும் நகரும் சராசரி வரைபடத்தில் 100 பேட்டிங் சாளரத்தைத் தேர்ந்தெடுங்கள். 50 துள்ளிக் குதிக்கும், 250 தூங்கும்.

தேடல் பக்கம் பார்க்க விமான ஓட்டியின் அறை மாதிரி இருக்கும். முக்கால்வாசிக் கட்டங்களைத் தொடவே தேவையில்லை. ஆனால் இரண்டு விஷயம் எல்லோரையும் காலை வாருகிறது. சீசன் கட்டம் நடப்பு வருடத்தில் நிற்கும். தேதியை மட்டும் பழைய வருடத்துக்கு மாற்றினால் முடிவு பூஜ்யம். இரண்டையும் மாற்ற வேண்டும். ஆட்ட வகையும் வழக்கமான சீசனில் நிற்கும். அக்டோபர் ஆட்டம் வேண்டுமென்றால் பிளே-ஆஃபை நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். தரவைக் கோப்பாக இறக்கலாம், ஆனால் ஒரு தேடலுக்கு வரிசை வரம்பு உண்டு. முழு சீசனை ஒரே மூச்சில் கேட்காமல் சில நாட்களாக உடைத்துக் கேளுங்கள்.

கைபேசியில் இந்தத் தளம் சிரமமே. அட்டவணைகள் திரையைத் தாண்டி ஓடும், கேம்ஃபீட் கனமாக ஏறும். நேரலையில் ஸ்கோரும் அடுத்த பேட்டரும் போதுமென்றால் லீக்கின் சொந்தச் செயலி போதும். சவான்டை மறுநாள் கணினியில் திறந்து பாருங்கள். எல்லாமே ஆங்கிலத்தில், மைலிலும் அடியிலும்தான் இருக்கும். 1.6-ஆல் பெருக்கப் பழகிக்கொள்ள வேண்டியதுதான். வரலாற்று ஒப்பீட்டுக்கு பேஸ்பால் ரெஃபரன்ஸும், பிளே-ஆஃப் வாய்ப்புக்கு ஃபேன்கிராஃப்ஸும் மேல். 2015-க்கு முந்தைய அடிகளுக்கு வேகமும் கோணமும் சவான்டில் கிடையாது. ஜாக் மோரிஸ் 1991 உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் 10 இன்னிங்ஸ் வீசி 1-0 என வென்றதை இந்தக் கண்ணாடி வழியாகப் பார்க்க முடியாது.

புதிதாகப் பழகுபவர்கள் ஓர் ஆட்டத்தில் தொடங்கலாம்: 2025 அக்டோபர் 10, சியாட்டில், ஏ.எல். டிவிஷன் தொடரின் ஐந்தாவது ஆட்டம். ஸ்கூபல் 6 இன்னிங்ஸ், 99 பந்து, 13 ஸ்டிரைக்-அவுட், அதில் ஏழு தொடர்ச்சியாக. 2-1 என்ற முன்னிலையில் வெளியேறுகிறார். முதலில் அவருடைய 99 பந்துகளையும் மேலே சொன்ன வரிசையில் படியுங்கள். பிறகு பட்டியலை ஏழாவது இன்னிங்ஸுக்கு நகர்த்தி, 15-ஆவது இன்னிங்ஸில் 3-2 என மரைனர்ஸ் வெல்லும் வரை, டைகர்ஸ் பக்கம் யார் யார் வந்து என்ன வேகத்தில் என்ன வீசினார்கள் என்று ஒவ்வொருவராகப் பாருங்கள். இரண்டு மணி நேரம் பிடிக்கும்.